நூற்றுக்கு நூறு சீர்மை

மிட்பிரெய்ரி ஏர்வேஸ் நிறுவனத்தில் துணை விமானியாகப் பயிற்சி பெறச் சேர்ந்த முதல் நாளன்றே வெர்னா கிளாசனுக்கு ஒரு விமானம் வழங்கப்பட்டது. அது நான்காக மடிக்கப்பட்டு ஒரு பழுப்பு உறையினுள் இருந்தது. உறையின்மீது, ‘பயிற்சி முடிந்ததும் சுருக்கமின்றித் திருப்பித் தரவும்’ என்று அச்சிட்டிருந்தார்கள்.

வெர்னா அதற்குமுன் பதினொரு ஆண்டுகள், மேற்குக் கான்சாஸின் கோதுமை வயல்களுக்கும் சோள வயல்களுக்கும் மேலே சிறு விமானத்தில் தாழப் பறந்து பூச்சிமருந்து தெளித்து வந்தவர். மின்கம்பிகளுக்கு அடியில் நுழைந்து மேலேறுவதும், குறுக்குக் காற்றில் மண்பாதையில் இறங்குவதும் அவருக்குக் கைப்பழக்கம். ஆனால் தனியாக ஏறித் தனியாகவே இறங்கி அலுத்துப் போயிருந்தார். பின்னால் நாற்பது ஐம்பது பேரை உட்கார வைத்துக்கொண்டு, அவர்களைப் பத்திரமாக வீடு சேர்க்க வேண்டும் என்று ஓர் ஆசை. முப்பத்தாறாம் வயதில் வந்த ஆசை ஆதலால் அதைச் சற்று வெட்கத்தோடே வளர்த்து வந்தார்.

பயிற்சி நடைபெற்ற இடம் விச்சிட்டா நகருக்கு வெளியே நெடுஞ்சாலையோரத்து விடுதி ஒன்று. உடன் பயிற்சி பெற அவருக்கு வாய்த்த இணை, டெவின் ஓர்ட்டேகா என்ற இருபத்தைந்து வயது இளைஞர். அவர் உறையைப் பிரித்து, காகிதத்தை விரித்து, நான்கு மூலைகளிலும் நாடா ஒட்டிச் சுவரில் பொருத்தினார். விமானி அறை முழுவதும், ஒவ்வொரு விசையும் ஒவ்வொரு முள்ளும், அதில் அச்சாகியிருந்தன. பிறகு குளியலறைக்குச் சென்று, அடைப்பு நீக்கும் ரப்பர்க் கட்டைகள் இரண்டைக் கொண்டுவந்தார்.

“இது எதுக்கு, டெவின்?”

“ஸ்டியரிங். ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு. கழுவிட்டேன், பயப்படாத.”

“நிஜ விமானம் எப்போ தருவாங்க?”

“அதுக்கென்ன அவசரம்? எனக்கு முந்தின பேட்ச்ல ஒருத்தன் இந்த ரூம்லயே உக்காந்து டென்வருக்கு நூத்தி நாப்பது தடவை போய்ட்டு வந்தான். ஒரு தடவகூட லேட் ஆகல தெரியுமா?”

நிறுவனத்திடம், நிஜ விமானி அறை போலவே இயங்கும் சிமுலேட்டர் இல்லை என்று சொல்லிவிட முடியாது. வேறொரு மாநிலத்தில், வேறு நான்கு நிறுவனங்களோடு பங்கு போட்டுக்கொண்ட ஒன்று இருந்தது. மூன்றாம் மாதத்தில் நான்கு முறை அதில் ஏறலாம். அதுவரை காகிதமே.

திங்கட்கிழமை ஆசிரியர் ப்ரூனர், இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். “விரல், வெர்னா, விரல்!” என்று அவர் முழங்கினார். “ஸ்விட்ச்ச விரலால காட்டி, வாயால சொல்லணும். காட்டலேன்னா நீ பாக்கல. பாக்கலேன்னா நீ செத்த. நீ மட்டுமா சாவ? என்னையும் சேத்துல்ல கூட்டிட்டுப் போவ!”

செவ்வாய்க்கிழமை ஆசிரியை பிக்கெட், வெர்னா விரலை நீட்டியதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “ஐயோ, யாரு உனக்கு இந்தப் பழக்கத்தைச் சொல்லிக் குடுத்தா? காக்பிட்டுல விரல் நீட்டறது, விருந்துக்குப் போன வீட்ல பக்கத்து ஆள் தட்டைக் காட்டற மாதிரி. கண்ணால பாரு. போதும்.”

புதன்கிழமை ஆசிரியரோ கண்ணை மூடிக்கொண்டு தடவச் சொன்னார். இருட்டில் விளக்குகள் அணைந்துவிட்டால் உதவும் என்றார். காகிதம் எங்கும் ஒரே வழவழப்பாக இருந்தபடியால் அந்த வகுப்பில் வெர்னா சிறப்பாகச் செய்தாரா இல்லையா என்பது இறுதிவரை தெரியவில்லை.

மூவரும் தத்தம் முறைக்கு ஆதாரமாக ஒரே கையேட்டின் ஒரே பக்கத்தைத்தான் காட்டினார்கள். அங்கே, ‘விசையை உறுதி செய்யவும்’ என்று எழுதியிருந்தது.

வெர்னா நல்ல மாணவியாக மூன்று குறிப்பேடுகள் வாங்கிக்கொண்டார். திங்களில் நீட்டினார், செவ்வாயில் பார்த்தார், புதனில் தடவினார். கெடுவாய்ப்பாக, முதல் தேர்வு வியாழக்கிழமை வந்தது. எந்தக் குறிப்பேட்டைப் பின்பற்றுவது என்று தெரியாமல் அவர் விரலை நீட்டினார். தேர்வாளராக வந்தவர் பிக்கெட். ‘விரல் மிகை, தோல்வி’ என்று படிவத்தில் எழுதிவிட்டு, வெர்னாவின் தோளைத் தட்டி ஆறுதலும் கூறினார்.

இரண்டாம் முறை தோற்றால் வேலை இல்லை. அந்த நாட்டில் ஒரு விமானியின் தோல்விகள், அவர் எந்த நிறுவனத்தின் வாசலுக்குப் போனாலும் அவருக்கு முன்பே போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு தோல்வி உள்ள ஒருவரை எவரும் பயணிகளோடு விடமாட்டார்கள். அன்றிரவு வெர்னா காகித விமானத்தின் முன்னால் நெடுநேரம் அமர்ந்திருந்தார்.

“போனா என்ன, மறுபடி மருந்தடிக்கப் போயிடேன்,” என்றார் டெவின்.

“வண்டுங்க யாரும் இறங்கும்போது தாங்க்ஸ் சொல்றதில்ல டெவின்.”

இந்தச் சமயத்தில்தான் அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. வட்டார விமான நிறுவனங்களில் புதிய விமானிகளுக்குத் தரப்படும் பயிற்சியில் தரமும் சீர்மையும் உள்ளனவா என்று அதில் மிகவும் பணிவாக வினவியிருந்தார்கள். ஆய்வாளர் ஒருவர் நேரில் வருவார் என்றும் எழுதியிருந்தது. நிறுவனம் உடனடியாக நடவடிக்கை எடுத்தது. பதினாறு பேர் கொண்ட சீர்மைத் துறை தோற்றுவிக்கப்பட்டது. அந்தப் பதினாறு பேரும் அதுவரை பயிற்சி அளித்துக்கொண்டிருந்தவர்கள் ஆதலால், வகுப்புகள் மூன்று வாரங்களுக்கு நிறுத்தி வைக்கப்பட்டன.

துறையின் தலைவர் மதிப்பிற்குரிய கேப்டன் லாயிட் ஹார்க்னெஸ் அவர்கள், பயிற்சி பெறுவோரை விருந்துக்கு அழைத்தார். இறைச்சி சாண்ட்விச்சும் வேகவைத்த பீன்ஸும் பரிமாறப்பட்டன. பிறகு அவர் எழுந்து பேசினார்.

“நண்பர்களே, கவர்ன்மென்ட் நம்மகிட்ட தரம், சீர்மைன்னு ரெண்டு கேக்கறாங்க. தரம்னா என்னன்னு நானும் ரொம்ப நாளா யோசிச்சேன். அது ஆளுக்கு ஆள் மாறுது. காத்தடிச்சா மாறுது. மழை பேஞ்சா மாறுது. இப்படி மாறற சங்கதிய வெச்சுக்கிட்டு ஒரு நிறுவனம் என்ன பண்ணும்? ஆனா சீர்மை அப்படி இல்ல. அதை அளக்கலாம், கட்டம் போட்டுக் காட்டலாம். நூறு பேர் ஒரே தப்பை ஒரே மாதிரி செஞ்சா, சீர்மை நூத்துக்கு நூறு. தொண்ணூத்தொம்பது பேர் தப்பா செஞ்சு, ஒரே ஒருத்தர் மட்டும் சரியா செஞ்சாருன்னு வெச்சுக்கோங்க…” கேப்டன் இங்கே நிறுத்தி, அவையை வருத்தத்தோடு ஒருமுறை பார்த்தார். “அந்த ஒருத்தர நாம கண்டுபிடிச்சு உதவி பண்ணணும்.”

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டல் ஒழுங்கின்றி இருந்தமையால், துறையைச் சேர்ந்த ஒருவர் எழுந்து மும்மூன்றாகத் தட்டும் முறையை விளக்கினார். இரண்டாம் முறை மிகவும் நன்றாக அமைந்தது.

சீர்மையின் முதல் படியாக, பழைய காகிதங்கள் அனைத்தும் திரும்பப் பெறப்பட்டன. கேப்டன் ஹார்க்னெஸ் தாம் பயின்ற காலத்திலிருந்து பாதுகாத்து வந்த சொந்தக் காகிதத்தைத் துறைக்கு வழங்கினார். அதுவே மூலப்படி என அறிவிக்கப்பட்டு இருநூற்றுப் பதினான்கு நகல்கள் எடுக்கப்பட்டன. புதிய காகிதத்தில், துணை விமானியின் முழங்காலுக்கு மேலே, கருவிப் பலகையின் வலது கீழ் மூலையில் வெளிறிய வளையம் ஒன்று காணப்பட்டது. சோதனைப் பட்டியலிலும் முப்பத்தேழாவதாக ஒரு வரி சேர்க்கப்பட்டது: ‘வளையம்?’ அதற்கு, ‘சரி’ என்று மறுமொழி கூற வேண்டும்.

“இந்த வளையம் என்ன செய்யும், சார்?” என்று வெர்னா திங்கட்கிழமை கேட்டார்.

“நாங்க படிக்கற காலத்துல இப்படியெல்லாம் கேள்வி கேட்டதில்ல,” என்றார் ப்ரூனர், கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

செவ்வாயன்று பிக்கெட், அது காற்றழுத்தம் தொடர்பானது என்றார். புதன்கிழமை ஆசிரியர் அதைத் தடவும்போது சற்றுச் சூடாக உணர்வதாகக் கூறினார். டெவின் மட்டும் கேள்வி ஏதும் கேட்காமல், “வளையம், சரி” என்பதைக் கம்பீரமான குரலில் சொல்லிப் பழகி, துறையின் பாராட்டைப் பெற்றார்.

வெர்னாவுக்கு மனம் கேட்கவில்லை. ஒரு நாள் காகிதத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு விமானம் பழுது பார்க்கும் கொட்டகைக்குப் போனார். அங்கே க்ளீட்டஸ் என்ற மெக்கானிக் இருந்தார். இருவருமாக நிஜ விமானத்தில் ஏறி, பலகையின் வலது கீழ் மூலையை விளக்கடித்துப் பார்த்தார்கள். அங்கே ஒன்றுமில்லை. க்ளீட்டஸ் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“மேடம், இது காபி.”

“என்னது?”

“கோப்பை வெச்ச தடம். பெரிய கோப்பை, ஹைவே கடையில தருவானே, அது. மூடி போடாம வெச்சிருக்காங்க, அதான் இந்த ஓரத்துல சொட்டியிருக்கு. பால் கம்மி.”

வெர்னா இதை ஒரு பக்க அளவில், எவர் மனமும் புண்படாதவாறு எழுதி, கேப்டன் ஹார்க்னெஸிடம் சேர்ப்பித்தார். சீர்மைத் துறை மூன்று நாட்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசித்தது. நான்காம் நாள் சுற்றறிக்கை வந்தது. ‘நமது முப்பத்தொரு விமானங்களிலும் வளையம் இல்லாத குறை, பயிற்சி பெறும் விழிப்புள்ள ஒருவரால் கண்டறியப்பட்டுள்ளது. இருநூற்றுப் பதினான்கு விமானிகள் வளையத்தோடு பயிற்சி பெற்றுவிட்ட நிலையில், பயிற்சியை மாற்றுவது சீர்மைக்கு ஊறு விளைவிக்கும். எனவே விமானங்கள் திருத்தப்படும்.’

க்ளீட்டஸ் முப்பத்தொரு விமானங்களிலும் ஏறி, பழுப்பு வண்ண வட்ட ஒட்டுத்தாள் ஒட்டினார். ஒரு விமானத்தில் அது இரண்டு அங்குலம் இடப்புறம் தள்ளி ஒட்டப்பட்டுவிட்டதால், அந்த விமானம் இரண்டு நாட்கள் பறக்க அனுமதிக்கப்படவில்லை. அதே விமானத்தின் சக்கர பிரேக் தேய்ந்திருப்பதாக அவர் ஒரு மாதமாக எழுதி வந்த குறிப்பு, பட்டியலில் இடமில்லாததால் கோப்பில் இருந்தது.

வெர்னாவுக்கு நன்றிக் கடிதம் வழங்கப்பட்டது. அதன் நகலொன்று, ‘கவனித்து வரவும்’ என்ற குறிப்போடு அவருடைய கோப்பிலும் சேர்க்கப்பட்டது.

சிமுலேட்டர் முறைகள் நான்கில் இரண்டு, இயந்திரக் கோளாறால் நடைபெறவில்லை; அவை நடைபெற்றதாகவே கருதப்பட்டன. இறுதியில் அந்த நாளும் வந்தது. உண்மையான விமானம், உண்மையான நாற்பத்தாறு பயணிகள். விச்சிட்டாவிலிருந்து மேற்கே மில்பர்ன் என்ற சிற்றூருக்குப் போய், ஒரு மணி நேரம் தங்கி, வேறு பயணிகளோடு திரும்ப வேண்டும். திரும்புவதற்குள் தேர்வு முடிவு சொல்லப்படும். தேர்வாளராகவும் தலைமை விமானியாகவும் வந்தவர் கேப்டன் ஹார்க்னெஸ் அவர்களே. பின்னாலிருந்த மடக்கு நாற்காலியில், அரசாங்க ஆய்வாளர் திரு. எபர்லி முழங்காலில் படிவத்தை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். அன்று மாலை விச்சிட்டாவில் கேப்டனுக்குச் சீர்மைக்கான கேடயம் வழங்கும் விழாவும் ஏற்பாடாகியிருந்தது.

கேப்டன் அவர்கள் கடந்த ஆறு ஆண்டுகளாக, சட்டம் கேட்கும் குறைந்த அளவுக்குப் பறந்து வந்தவர். அமைதியான காலை நேரங்களையே அதற்குத் தேர்ந்தெடுப்பார். காற்று வீசும் நாட்களில் அவருக்குக் கூட்டங்கள் இருக்கும். அன்றைக்குக் கூட்டம் இருக்கவில்லை, காற்று இருந்தது.

மில்பர்னை நெருங்கியபோது தெற்கிலிருந்து வந்த காற்று விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளத் தொடங்கியது. விமானத்தைக் கையில் வைத்திருந்த கேப்டன், பட்டியலை விட்டு இம்மியும் பிசகாமல் இறங்கிக்கொண்டிருந்தார்.

“வளையம்?”

“சரி, கேப்டன். ரன்வே இடது பக்கம் போய்ட்டிருக்கு.”

“அது பட்டியல்ல எத்தனாவது?”

“பட்டியல்ல இல்ல, கேப்டன். ஜன்னல்ல இருக்கு.”

“முப்பத்தெட்டு,” என்றார் கேப்டன், குரல் சற்றே உயர. “விளக்குகள்?”

“சரி. கேப்டன், நாம புல்லு மேல இறங்கிட்டிருக்கோம். மேல ஏறிச் சுத்தி வந்துடலாம்.”

“மிஸ் கிளாசன், இதுக்கு முன்ன யாரும் என் கூட இப்படிச் சுத்தி வந்ததில்ல!”

இடது இறக்கை திடீரென எழும்பியது. திரு. எபர்லியின் படிவம் முழங்காலிலிருந்து விழுந்தது. “கையை எடுங்க, கேப்டன், நான் பாத்துக்கறேன்,” என்று வெர்னா வெகு மரியாதையாகச் சொன்னார். கேப்டனும் அன்றைய நாளின் ஒரே தன்னிச்சையான செயலாக, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

வெர்னா விமானத்தை மேலே ஏற்றி, ஊரை ஒரு வட்டம் சுற்றி, மறுபடி வந்தார். காற்று வந்த பக்கத்து இறக்கையை அதன்மேல் சாய்த்துப் பிடித்து, சோள வயலில் பதினொரு ஆண்டு இறங்கியது போலவே இறங்கினார். முதலில் ஒரு சக்கரம் தொட்டது. யோசித்துவிட்டு இன்னொன்றும் தொட்டது. மூன்றாம் வரிசையில் இருந்த விவசாயி ஒருவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு மீண்டும் போட்டுக்கொண்டார். இறங்கும்போது ஒவ்வொருவராக விமானி அறைப் பக்கம் எட்டிப் பார்த்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். வெர்னா நாற்பத்தாறையும் மனத்துக்குள் எண்ணிக்கொண்டார்.

மில்பர்ன் விமான நிலையத்தின் பயணப்பெட்டி அறையில், மிட்டாய் விற்கும் இயந்திரம் ஒன்றின் அருகே மூவரும் அமர்ந்தார்கள். கேப்டனின் முகத்தில் நிறம் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

“மிஸ் கிளாசன், வருத்தமாத்தான் இருக்கு. ஆனா நீங்க ஃபெயில்.”

“பத்திரமா இறங்கிட்டோமே, கேப்டன்,” என்றார் வெர்னா.

“அதான் சிக்கலே. இப்போ நீங்க செஞ்சத உங்க பேட்ச்ல வேற யாராவது செய்வாங்களா?”

“தெரியல. யாரும் சொல்லித் தரல.”

“பாத்தீங்களா! எபர்லி, எழுதிக்கோங்க. இருநூத்திப் பதினாலு பேர் ஒரு மாதிரி, இவங்க மட்டும் வேற மாதிரி. இப்போ ரெண்டே வழி. எல்லாரையும் இவங்க அளவுக்குக் கொண்டு வரணும். அதுக்கு வருஷக்கணக்காகும். இல்லேன்னா இவங்கள எல்லாரோட அளவுக்குக் கொண்டு வரணும்.”

திரு. எபர்லி தொண்டையைச் செருமினார். “என் படிவத்துல விமானம் இறங்கிச்சாங்கற கேள்வி இல்ல, மேடம். ஒரே மாதிரி இறங்கிச்சாங்கறதுதான் இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க.”

“நான் கையில வாங்கலேன்னா அந்த நாப்பத்தாறு பேர் என்ன ஆகியிருப்பாங்க, சார்?”

கேப்டன் ஹார்க்னெஸ் கேள்வியை நேர்மையோடு பரிசீலித்தார். “நாப்பத்தாறு பேரும் ஒரே மாதிரி ஆகியிருப்பாங்க,” என்றார்.

அவர் படிவத்தில் எழுதத் தொடங்கினார். முதல் எழுத்து போட்டதும் பேனா நின்றது. வெளியே காற்று தகரக் கூரையை ஒருமுறை தூக்கிப் போட்டது. ஓடுபாதையோரத்தில் காற்றுத் திசை காட்டும் துணிப்பை, குச்சி போல விறைத்து நின்றது. கண்ணாடிக்கு அப்பால் திரும்பும் பயணிகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

“தேதியை நாளைக்குன்னு போட்டுடறேன்,” என்றார் கேப்டன். “இன்னிக்கு நீங்க திரும்ப ஓட்டிட்டு வந்துடுங்க. நாளைக்குக் காலைல ஃபெயில் ஆகிக்கலாம்.”

“ஃபெயில் ஆனவங்க அந்த சீட்ல உக்காரக் கூடாதே, கேப்டன். ரூல் அப்படித்தானே?”

“நாளைக்குத்தானேம்மா ஃபெயில்!”

“எனக்கு இப்பவே தெரிஞ்சு போச்சே.” வெர்னா உண்மையாகவே குழம்பியிருந்தார். அவர் குரலில் பிடிவாதமோ கேலியோ சிறிதும் இல்லை. “தெரிஞ்சுக்கிட்டே உக்காந்தா தப்பில்லையா? இதுலயாவது எல்லாரையும் மாதிரி ரூல்படி இருந்துடலாம்னு பாக்கறேன்.”

“வேற விமானி?” என்று திரு. எபர்லி கேட்டார்.

“விச்சிட்டாலேர்ந்து வரணும். இந்தக் காத்துல…” கேப்டன் முடிக்கவில்லை. இருநூற்றுப் பதினான்கு பேரில் எவரையும் அவர் மனம் அழைக்கவில்லை என்பது தெரிந்தது.

“அடுத்த ஃப்ளைட்?”

“வியாழக்கிழமை.”

“நாளைக்கு என் பொண்ணு கல்யாணத்துக்கு சர்ச்சுல ரிஹர்சல்,” என்றார் திரு. எபர்லி, மெதுவாக. இதையும் படிவத்தில் எழுதிவிடலாமா என்று யோசிப்பவர் போல் கீழே பார்த்தார். “கேப்டன், நீங்களே ஓட்டிடுங்களேன். இவங்க பக்கத்துல சும்மா உக்காரட்டும்.”

கேப்டன் துணிப்பையைப் பார்த்தார். துணிப்பை அசையவில்லை. அவர் படிவத்தைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் பையிலிருந்து புதியது ஒன்றை எடுத்தார். முடிவு என்ற கட்டத்தில் ‘தேர்ச்சி’ என எழுதினார். சிறப்புக் குறிப்பு என்ற இடத்தில் சற்றுத் தயங்கி, ‘ஏனையோரைப் போலவே’ என்று சேர்த்துக் கையெழுத்திட்டார். திரு. எபர்லி படிக்காமலே அதன் கீழே தம்முடைய கையெழுத்தைப் போட்டார்.

வெர்னா தாளை இருமுறை படித்தார். மடிக்க மனமின்றி அப்படியே கோப்பில் வைத்து, இருவருக்கும் தனித்தனியே நன்றி கூறினார். பிறகு வரிசையில் நின்றவர்களைக் கடந்து விமானத்தை நோக்கி நடந்தார். முன்னால் நின்ற ஒருவர் கைப்பெட்டியை நகர்த்தி வழி விட்டார். காற்றில் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்க வேண்டியிருந்தது.

கேப்டன் ஹார்க்னெஸ் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே விரைந்து வந்தார். படிக்கட்டின் கீழே அவரை எட்டிப் பிடித்தார்.

“மிஸ் கிளாசன், ஒரு நிமிஷம். நீங்க எப்படி ஓட்டப் போறீங்க?”

“எப்படி வேணும்னு சொல்லுங்க, கேப்டன். துறை சொல்லிக் குடுத்த மாதிரியும் ஓட்டுவேன். எல்லாம் மனப்பாடமா இருக்கு.”

கேப்டன் முன்னும் பின்னும் பார்த்தார். திரு. எபர்லி கேட்கும் தொலைவில் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு அருகே குனிந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னார்:

“வேண்டாம்மா. வர்றப்போ ஓட்டி ஃபெயில் ஆனியே, அதே மாதிரி ஓட்டு.”